நாலாயிரம் படம், ஒரே பேர்: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இரண்டு இதழ் முன்னால் ஒரு வாசகர், ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைலுக்கும் ஒரே தடவையில் பேர் மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தார். எல்லாவற்றையும் செலக்ட் செய்து எஃப்2 அழுத்துங்கள், புதுப் பேரை அடித்து என்டர் தட்டுங்கள், அவ்வளவுதான் என்று நாலு வரியில் பதில் எழுதினேன். அதைச் செய்து பார்த்தவர்களிடமிருந்து வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கம் முழுக்க. எல்லாவற்றையும் படித்தபோது, என் நாலு வரி போதவில்லை என்று தெரிந்தது. பேர் மாற்றுவது யாருக்குமே கஷ்டமாக இல்லை. பழைய பேருக்குள் இருந்த தேதியும் வரிசையும் எண்ணும் அதோடு சேர்ந்து போய்விடுகிறதே, அதுதான் எல்லோருடைய கஷ்டமும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

கே: கும்பகோணத்தில் நானும் தம்பியும் கல்யாண ஸ்டூடியோ நடத்துகிறோம். ஆளுக்கு ஒரு கேமரா, இரண்டும் ஒரே கம்பெனி. நிச்சயதார்த்தம், ரிசப்ஷன், முகூர்த்தம் எல்லாம் சேர்த்து 4,200 படம். ஒரே ஃபோல்டரில் போட்டால் இதே பேரில் ஃபைல் இருக்கிறது என்று கேட்கிறது. சமாளித்துப் போட்டு, நீங்கள் சொன்னபடி எஃப்2 கொடுத்தேன். இப்போது மாலை மாற்றுவதற்கு நடுவில் பந்தி வருகிறது. ஆல்பம் எப்படிப் போடுவது?

ப: முதலில் ஒரு விஷயம், கேமராவின் மெமரி கார்டை இன்னும் ஃபார்மேட் செய்யவில்லை என்றால் செய்யாதீர்கள். அந்த "இதே பேரில் இருக்கிறது" என்ற பெட்டியில் ரீப்ளேஸ் என்பதை எங்காவது ஒரு இடத்தில் தட்டியிருந்தால், தம்பி எடுத்த படத்தின் மேல் உங்கள் படம் ஏறி உட்கார்ந்திருக்கும், தம்பியுடையது போனதுதான். கார்டிலிருந்து மறுபடி எடுத்து, கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று தனித்தனியாகப் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஏன் இந்த மோதல் வருகிறது என்றால், டிஜிட்டல் கேமராக்கள் டிசிஎஃப் என்ற ஒரு பொது ஏற்பாட்டின்படி பேர் வைக்கின்றன. மொத்தமே எட்டு இடம், அதில் முதல் நாலு கம்பெனி வைக்கும் எழுத்து, கடைசி நாலு எண், 0001 முதல் 9999 வரை. 9999 தாண்டினால் திரும்ப 0001. ஒரே கம்பெனி கேமரா இரண்டு என்றால் முதல் நாலு எழுத்தும் ஒன்றாகத்தான் இருக்கும், எண் என்றைக்காவது ஒரே இடத்தில் வந்து முட்டத்தான் செய்யும்.

எஃப்2 கொடுத்தபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் படத்துக்குள் எட்டிப் பார்த்து நேரத்தைப் படிப்பதில்லை. அந்த நிமிடம் திரையில் ஃபைல்கள் எந்த வரிசையில் நின்றனவோ அதே வரிசையில் (1), (2), (3) என்று போட்டுக்கொண்டே போகும். பேர் வரிசையில் நின்றிருந்தால் பேர் வரிசை, சைஸ் வரிசையில் நின்றிருந்தால் சைஸ் வரிசை.

உங்களுக்கு வேண்டியது எடுத்த நேரம். அது ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் தகவலாக இருக்கிறது, பேரை எத்தனை தடவை மாற்றினாலும் அது அழியாது, அதனால் கவலைப்படாதீர்கள். ஆனால் நேராக அந்த நேரத்தை வைத்துப் பேர் மாற்றிவிடாதீர்கள், ஏனென்றால் இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒன்றாக ஓடியிருக்காது. இரண்டு பேரும் ஒரே நொடியில் எடுத்த ஒரு காட்சியைத் தேடுங்கள். தாலி கட்டும் நேரம்தான் இதற்கு ரொம்ப வசதி, அந்த மூன்று முடிச்சை எந்த ஃபோட்டோகிராபரும் விடமாட்டார். மாப்பிள்ளை கை கழுத்துக்குப் பின்னால் போகும் அதே கணம் உங்கள் படத்தில் 9 மணி 14 நிமிடம் 20 நொடி என்றும் தம்பி படத்தில் 9 மணி 10 நிமிடம் 5 நொடி என்றும் இருந்தால், தம்பியின் படம் எல்லாவற்றுக்கும் 4 நிமிடம் 15 நொடி கூட்ட வேண்டும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் ஒரே கட்டளையில் ஃபோல்டர் முழுக்கக் கூட்டிவிடும். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருள் வைத்திருந்தால் அதிலேயே கேப்சர் டைம் திருத்தும் வசதி இருக்கிறது.

கடிகாரம் சரியான பிறகு பேர். நான் வைப்பது இப்படி: 2025-02-10_091420_அ_4127. தேதி, நேரம், கேமரா (உங்களுடையது அ, தம்பியுடையது ஆ), கடைசியில் கேமரா கொடுத்த பழைய எண். நேரத்துக்கு நடுவில் முக்காற்புள்ளி வைக்க விண்டோஸ் விடாது, அதனால்தான் ஆறு எண்ணையும் சேர்த்தே எழுதுகிறோம். பழைய எண் எதற்கு என்று தம்பி கேட்கலாம். அட்சதை போடும்போது ஒரே நொடியில் ஐந்தாறு படம் விழும், நேரம் மட்டும் இருந்தால் அத்தனைக்கும் ஒரே பேர் வந்து மறுபடி முட்டும். அதைவிட, கார்டில் இருக்கும் மூலப் படத்தை என்றைக்காவது தேட வேண்டி வந்தால் அந்த எண் ஒன்றுதான் வழி காட்டும். இந்த மாதிரி பேரை அட்வான்ஸ்டு ரீநேமர் என்ற மென்பொருளில் மவுஸாலேயே அமைக்கலாம், எக்ஸிஃப்டூல் கட்டளை பயமாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரா ஃபைலும் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படம்) ஜேபிஜியும் சேர்த்து எடுப்பவராக இருந்தால் இரண்டும் ஒரே பேரில் ஜோடியாக இருக்கும், ஒன்றை மட்டும் மாற்றி ஜோடியைப் பிரித்துவிடாதீர்கள். படங்களை ஏற்கெனவே லைட்ரூமில் ஏற்றியாகிவிட்டது என்றால் வெளியே ஃபோல்டரில் போய்ப் பேர் மாற்றவே கூடாது, லைட்ரூம் பழைய பேரைத் தேடிக்கொண்டு படத்தைக் காணவில்லை என்று நிற்கும். அதற்குள்ளேயே செலக்ட் செய்து எஃப்2 கொடுங்கள். அடுத்த கல்யாணத்தில் மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் ஒரே செல்போனில் நொடி ஓடும் கடிகாரத்தைத் திறந்து, இரண்டு கேமராவாலும் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாலி முடிச்சைத் தேடும் வேலை மிச்சம்.

கே: மணப்பாறை பக்கம் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் 62 பேர் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எல்லாம் தேதியும் டபிள்யூஏ 0017 மாதிரி ஒரு எண்ணுமாக வருகிறது. வரிசை எண் போட்டு மாற்ற ஒரு சாஃப்ட்வேர் சொல்லுங்கள்.

ப: டீச்சர், எந்தக் கையெழுத்து எந்தப் பிள்ளையுடையது என்பது உங்களுக்குத்தான் தெரியும், எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது. அந்த வாட்ஸ்அப் எண்ணும் அன்றைக்கு எத்தனையாவது படம் என்பதற்கான எண்தான், அனுப்பியவரைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. 62 படத்துக்காகப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டாம், கையாலேயே பத்து நிமிட வேலை. ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், படங்கள் பெரிதாகத் தெரியும், பக்கத்தின் மேலே எழுதிய பேரைப் பெரும்பாலும் படித்துவிடலாம். ஃபோல்டரைத் தேதி வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள், பேர் வரிசையில் வைத்தால் பேர் மாற மாற ஃபைல் இடம் மாறிக் குழப்பும். அப்புறம் முதல் படத்தில் எஃப்2, அந்தப் பிள்ளையின் வரிசை எண்ணை 07 என்று அடித்து, என்டருக்குப் பதிலாக டேப் அழுத்துங்கள். அடுத்த படம் தானாகவே பேர் மாற்றத் தயாராகத் திறந்து நிற்கும். 23, டேப். 41, டேப். கை பழகினால் வருகைப்பதிவு எடுக்கிற வேகத்தில் போகும். ஒற்றை இலக்க எண்ணுக்கு முன்னால் பூஜ்ஜியம் மறக்காதீர்கள்.

பள்ளி முழுக்கச் செய்ய வேண்டும், 600 ஃபைல் என்றால் எக்செல் வழி இருக்கிறது. எல்லா ஃபைலையும் செலக்ட் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தினால் விண்டோஸ் 11இல் ஃபைல் பேர்கள் முழு முகவரியோடு காப்பி ஆகும் (பழைய விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தால் காப்பி ஆஸ் பாத் என்று வரும்). அதை எக்செல்லின் முதல் நெடுவரிசையில் ஒட்டுங்கள், பக்கத்து நெடுவரிசையில் புதுப் பேரை எழுதுங்கள், அந்தப் புதுப் பேர்ப் பட்டியலை அட்வான்ஸ்டு ரீநேமரின் லிஸ்ட் பகுதியில் ஒட்டினால் வரிசையாக மாற்றிக் கொடுக்கும். எக்செல்லில் இருக்கும் வரிசையும் மென்பொருளில் இருக்கும் வரிசையும் ஒன்றுதானா என்று முதல் ஃபைல், நடு ஃபைல், கடைசி ஃபைல் மூன்றையாவது பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள். ஒரு வரி தள்ளிப் போனால் எல்லாப் பிள்ளையின் வேலையும் பக்கத்துப் பிள்ளை கணக்கில் போய்விடும்.

கே: திருப்பூர். ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். பில்கள் எல்லாம் 03-04-2024 என்று தேதியோடு தொடங்கும் பிடிஎஃப்கள். வரிசைப்படுத்தினால் எல்லா மாதத்து மூன்றாம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கிறது.

ப: தேதியை நாம் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறீர்கள், நாள், மாதம், வருஷம். கம்ப்யூட்டர் பேரை இடமிருந்து வலமாக ஒப்பிடுவதால் அதற்கு நாள்தான் பெரிது. வருஷத்தை முன்னால் வைத்து 2024-04-03 என்று எழுதினால் பேர் வரிசையும் தேதி வரிசையும் ஒன்றாகிவிடும். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் சொல்வதும் இதையேதான். மாதத்தை எழுத்தில் எழுதுவது இன்னும் மோசம், ஆங்கிலத்தில் எழுதினால் ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட், அதற்கு அடுத்து டிசம்பர் என்று வரும்.

இதற்கு மைக்ரோசாஃப்டே இலவசமாகக் கொடுக்கும் பவர்டாய்ஸ் தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள், அதில் பவர்ரீநேம் என்று ஒன்று இருக்கிறது. ஃபைல்களை செலக்ட் செய்து வலது கிளிக் செய்தால் அது வரும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற பொத்தானை அழுத்திவிட்டு, தேடும் பெட்டியில் இதை அடியுங்கள்:

([0-9][0-9])-([0-9][0-9])-([0-9][0-9][0-9][0-9])

மாற்றும் பெட்டியில் இது:

$3-$2-$1

பார்த்தால் மிரட்டுகிற மாதிரி இருக்கும், விஷயம் சின்னது. [0-9] என்றால் ஏதாவது ஓர் இலக்கம். அடைப்புக்குறி ஒவ்வொன்றும் ஒரு டப்பா. முதல் டப்பாவில் நாள், இரண்டாவதில் மாதம், மூன்றாவதில் வருஷம் விழுகிறது. அந்த டப்பாக்களை மூன்று, இரண்டு, ஒன்று என்று மாற்றி அடுக்கச் சொல்கிறோம். தேதிக்குப் பின்னால் இருக்கும் பில் எண், கடைப் பேர் எதையும் இது தொடாது. ஓகே கொடுக்கும் முன்பே இடது பக்கம் பழைய பேரும் வலது பக்கம் புதுப் பேரும் வரிசையாகக் காட்டும், நிதானமாகக் கண்ணை ஓட்டுங்கள். 3-4-24 என்று சுருக்கி எழுதிய பில் இருந்தால் அது மட்டும் மாறாமல் நிற்கும், அது நல்லதுதான், அவற்றைத் தனியாகப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை இதில் முக்கியம். சில சாஃப்ட்வேர்கள் அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் போட்டு பிடிஎஃப் கொடுக்கும். அப்படி வந்த பில் கலந்திருந்தால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும், கண்டுபிடிப்பது பெரும் பாடு, அதுவும் நிதியாண்டே மாறிப்போகும் இடம் அது. மாற்றுவதற்கு முன்னால் நடுவில் உள்ள எண் எங்காவது 12ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் அந்தக் கடையின் பில்கள் எல்லாமே மாதம் முதலில் என்று வந்தவை, அவற்றைத் தனி ஃபோல்டருக்கு எடுத்துவிடுங்கள். அப்புறம், எக்செல்லில் இந்த பிடிஎஃப்களுக்கு லிங்க் கொடுத்து வைத்திருந்தால் பேர் மாறியதும் அந்த லிங்க் எல்லாம் அறுந்துவிடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: கால் டாக்சி ஓட்டுகிறேன், திருநெல்வேலி. பென் டிரைவில் ஒரு உபன்யாசம் 108 பகுதி வைத்திருக்கிறேன். வண்டியில் 1 முடிந்ததும் 10 வருகிறது, அப்புறம் 100. கம்ப்யூட்டரில் பார்த்தால் வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

ப: அண்ணாச்சி, கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிவதால்தான் இது பிடிபடுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே ஃபோல்டரில் எண்ணை எண்ணாகவே படித்து 1, 2, 3 என்று அடுக்கிக் காட்டும். பல வண்டி செட்டுகளுக்கு அந்த அறிவு கிடையாது, எழுத்து எழுத்தாகத்தான் ஒப்பிடும். 108 பகுதி என்றால் மூன்று இலக்கம், அதனால் எல்லாவற்றையும் 001, 010, 108 என்று மூன்று இலக்கமாக ஆக்க வேண்டும்.

மேலே திருப்பூர்காரருக்குச் சொன்ன பவர்ரீநேமிலேயே இரண்டு தடவையில் முடித்துவிடலாம். பேர் "1 உபன்யாசம்" என்கிற மாதிரி எண்ணில் தொடங்கி ஓர் இடைவெளி விட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். முதல் தடவை ^([0-9])([^0-9]) என்று தேடி 00$1$2 என்று மாற்றுங்கள், ஒற்றை இலக்கம் எல்லாம் முடிந்தது. இரண்டாவது தடவை ^([0-9][0-9])([^0-9]) என்று தேடி 0$1$2 என்று மாற்றினால் இரட்டை இலக்கமும் முடிந்தது. முதலில் வரும் அந்தக் கூரைக் குறி பேரின் தொடக்கத்தில் மட்டும் பார் என்பதற்கு. அதே குறி சதுர அடைப்புக்குள் வந்தால் இலக்கம் அல்லாத ஏதாவது ஒன்று என்று பொருள்.

இதற்குப் பிறகும் வரிசை மாறினால் உங்கள் செட் பேரையே பார்ப்பதில்லை, பென் டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் ஓட்டுகிறது. பென் டிரைவைக் காலி செய்துவிட்டு, பேர் வரிசையில் வைத்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் காப்பி செய்யுங்கள். செட்டின் திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் எண்ணோடு ஆங்கிலத்தில் நாலு எழுத்து போதும், ஓட்டும்போது படிக்கவும் சுலபம்.

கே: யாழ்ப்பாணத்தில் எங்கட ஊர் வாசிகசாலையில் பழைய கல்வெட்டுகளை, அதுதான் இறந்தவர்கள் நினைவாக வெளியிடும் மலர்களை, ஸ்கேன் செய்து வைக்கிறோம். 600 வந்துவிட்டது. ஊர்ப் பேரைத் தேடி மாற்றினால் கொக்குவில், கோண்டாவில், கோப்பாய் மட்டும் பாதிதான் அகப்படுகுது. ஒரே ஃபோல்டருக்குள் அச்சு அசலாக ஒரே பேரில் இரண்டு ஃபைல் கூட இருக்கு. சிலதை ஒரு பழைய மேக் கணினியில் செய்தோம், அதாலயா?

ப: அதனால்தான். உங்கள் மூன்று ஊருமே கொ, கோ என்று தொடங்குவது தற்செயல் இல்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் கொ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க எழுதி அதற்கு இரண்டு பக்கமும் அணைத்து நிற்கும் ஒரே குறியைப் போடுவது ஒரு விதம். க எழுதி ஒற்றைக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போடுவது இன்னொரு விதம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடு சொல்கிறது, ஆனால் விண்டோஸின் ஃபைல் முறை குறியீட்டை மட்டும் பார்ப்பதால் அதற்கு இவை வேறு வேறு பேர். பழைய மேக் கணினிகளின் ஃபைல் முறை, நீங்கள் எப்படித் தட்டினாலும் பிரித்துத்தான் வைக்கும். 2017க்குப் பிறகு வந்த புதிய முறை கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கிறது. ஆக, அந்த மேக்கிலிருந்து வந்த கொக்குவில் பிரிந்த கொக்குவில், நீங்கள் தட்டித் தேடுவது சேர்ந்த கொக்குவில்.

தீர்வு சுலபம். அகப்படாத ஒரு ஃபைலின் பேரிலிருந்தே "கொக்குவில்" என்பதைக் காப்பி செய்து தேடும் பெட்டியில் ஒட்டுங்கள், மாற்றும் பெட்டியில் உங்கள் விசைப்பலகையால் புதிதாகத் தட்டுங்கள். கோவுக்கும் கௌவுக்கும் இதே மாதிரி. லினக்ஸ் தெரிந்த பிள்ளைகள் யாராவது வாசிகசாலைக்கு வந்தால் கன்வ்எம்வி என்ற கருவியைச் சொல்லுங்கள், 600ஐயும் ஒரே மூச்சில் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் ஒரே பேரில் இருக்கும் அந்த இரண்டு ஃபைலையும் திறந்து பாருங்கள். இரண்டும் ஒரே மலரா, வேறு மலரா? மாற்றியதும் அவை உண்மையிலேயே ஒரே பேர் ஆகிவிடும், அப்போது ஒன்று மற்றதை விழுங்கக் கூடாது.

ஸ்ரீ என்ற எழுத்திலும் இதே கோளாறு இருக்கிறது, மலர்களில் அது நிறைய வருமே. ஸ வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்தும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இதைக் கன்வ்எம்வி சரி செய்யாது, இங்கேயும் காப்பி செய்து ஒட்டித்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, பேரை நீளமாக வைக்காதீர்கள். லினக்ஸ் முறைகளில் ஒரு ஃபைல் பேருக்கு 255 பைட்தான் இடம். கொக்குவில் என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடு கணக்கில் க, ொ, க, புள்ளி, க, உகரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி என்று பத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 30. இறந்தவரின் பேர், பட்டம், உத்தியோகம், ஊர் எல்லாம் பேரிலேயே எழுதினால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சர்வரில் ஏற்றும்போது ஏற மறுக்கும். 1974_கொக்குவில்_0312 என்று வருஷம், ஊர், உங்கள் பதிவேட்டு எண் போதும், மிச்ச விபரமெல்லாம் எக்செல்லில் இருக்கட்டும். பதிவேட்டு எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் செய்கிற வேலை பெரிய வேலை, ஒரு ஊரின் நினைவு அது.

கே: மதுரை. பேரை மாற்றிவிட்டேன், தப்பாகிவிட்டது. பழைய பேர் திரும்பக் கிடைக்குமா?

ப: அதே நேரத்தில் கவனித்திருந்தால் கன்ட்ரோல் இசட், முடிந்தது. எஃப்2 கொடுத்து மாற்றியதும் பவர்ரீநேம் மாற்றியதும் அதில் திரும்பிவிடும். அட்வான்ஸ்டு ரீநேமரில் முன்பு செய்த மாற்றங்களின் பட்டியலே இருக்கும், பிறகு வந்தும் திருப்பலாம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது, எஃப்2தான் கொடுத்தேன் என்றால் விண்டோஸ் எங்கேயும் பழைய பேரை எழுதி வைப்பதில்லை. வேறு இடத்தில் நகல் இருந்தால்தான் உண்டு.

எனக்கு இது நடந்திருக்கிறது. அப்பத்தா நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடியதை அவர் கடைசிக் காலத்தில் பல மாதமாகச் சின்ன ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தேன், 43 ஃபைல். ரெக்கார்டர் பதிந்த தேதியையும் நேரத்தையும்தான் பேராக வைத்திருந்தது. முதலில் பின்னால் ஓடிய ஃபேன் சத்தத்தைக் குறைத்துப் பழைய ஃபைல் மேலேயே சேமித்தேன், அதனால் ஃபைலின் தேதியெல்லாம் அன்றைய தேதி ஆகிவிட்டது. அடுத்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து "அப்பத்தா பாட்டு" என்று ஒரே பேர் வைத்தேன். ஃபோல்டர் அப்போது சைஸ் வரிசையில் இருந்திருக்கிறது. பாட்டு எல்லாம் இருக்கிறது. எது தாத்தா இருக்கும்போது பாடியது, எது அவர் போன பிறகு பாடியது என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குரலை வைத்து இதுவாக இருக்கும், அதுவாக இருக்கும் என்று யூகிக்கிறேன். அந்தத் தேதி இருந்த ஒரே இடம் அந்தப் பேர்தான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், இதுவரை தவறியதில்லை. எதை மாற்றுவதற்கு முன்பும் எல்லாவற்றையும் செலக்ட் செய்து, மணப்பாறை டீச்சருக்குச் சொன்ன அதே காப்பி ஆஸ் பாத் கொடுத்து, நோட்பேடில் ஒட்டி, "பழைய பேர்கள்" என்று அதே ஃபோல்டரில் சேமித்துவிடுவேன். அரை நிமிடம் ஆகாது. இடம் இருந்தால் ஃபோல்டரையே நகல் எடுத்து நகலில்தான் மாற்றுவேன், மூலத்தை ஒரு வாரம் கழித்துத்தான் அழிப்பது.

கே: சேலம். ஐஃபோன் படங்கள் கடைக்காரர் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. எச்இஐசி என்று முடிவதை எல்லாம் ஜேபிஜி என்று மொத்தமாக மாற்றினேன். இப்போது என் கம்ப்யூட்டரிலும் சிலது திறக்கவில்லை.

ப: பேரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் எக்ஸ்டென்ஷனை, மாற்றினால் உள்ளே இருக்கும் படம் மாறாது. டப்பாவில் ரவை என்று எழுதி ஒட்டினாலும் உள்ளே இருப்பது அரிசிதான். 2017இல் வந்த ஐஓஎஸ் 11இலிருந்து ஐஃபோன் எச்இஐசி வகையில் சேமிக்கிறது, ஜேபிஜி ஆக்க வேண்டுமென்றால் கன்வெர்ட் செய்ய வேண்டும். படம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வாலைத் திரும்பப் பழையபடி மாற்றுங்கள், பவர்ரீநேமில் எக்ஸ்டென்ஷன் மட்டும் என்று தேர்வு செய்தால் ஒரே தடவையில் முடியும். ஆனால் அந்த ஃபோல்டரில் முன்பே உண்மையான ஜேபிஜிகள் இருந்திருந்தால் அவற்றையும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள். இனிமேல் எடுப்பது ஜேபிஜியாகவே வர, ஃபோனின் கேமரா செட்டிங்கில் ஃபார்மேட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தொட்டு வையுங்கள்.

கே: கோவை. வீட்டில் மேக், ஆபீஸில் உபுண்டு லினக்ஸ். இரண்டிலும் தனியாக சாஃப்ட்வேர் போட வேண்டுமா?

ப: வேண்டாம். மேக்கில் 2014இல் வந்த யோசெமிட்டி பதிப்பு முதலே, ஃபைல்களைக் காட்டும் ஃபைண்டரிலேயே மொத்தமாகப் பேர் மாற்றும் வசதி இருக்கிறது. பல ஃபைலை செலக்ட் செய்து வலது கிளிக்கில் ரீநேம் கொடுத்தால் எழுத்தை மாற்றுவது, முன்னாலோ பின்னாலோ சேர்ப்பது, எண் போடுவது மூன்றும் வரும். இதில் கவுன்டர் என்று கொடுத்தால் முன்னால் பூஜ்ஜியங்களோடு எண் போடும், இண்டெக்ஸ் என்றால் வெறும் 1, 2, 3. கவுன்டரையே எடுங்கள். உபுண்டுவின் ஃபைல் மேனேஜரிலும் பலதை செலக்ட் செய்து எஃப்2 கொடுத்தால் இதே மாதிரி ஒரு பெட்டி திறக்கும், பழைய பேரும் புதுப் பேரும் அதில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.